பதினொன்னு பத்துக்குக் கெளம்புற விமானம்

ஒரு ப்ராசஸரை அதோட சக்திக்கு மீறி ஓட வைக்கிறதுக்கு ஓவர்கிளாக்கிங்னு பேரு. கம்ப்யூட்டர் பைத்தியம் பிடிச்சவங்க அதை ஒரு வீரம் மாதிரிச் செய்வாங்க. நான் செஞ்சதுல வீரமும் இல்ல, வெளையாட்டும் இல்ல. எங்க வீட்டுக்காரக வாயைத் தொறந்து ஒன்னு கேட்டாக, அதுக்காகச் செஞ்சேன். அவுக என்கிட்ட எதையாச்சும் கேட்டு அப்ப ஒன்னரை வருசம் ஆகியிருந்துச்சு.

முதல்லயே சொல்லிர்றேன், நான் கோவக்காரி. மூக்குக்கு மேல வரும், வந்தா வாய் நிக்காது. சிவகாசியில ஒரு ஆப்செட் பிரஸ்ஸுல பட்டாசு லேபிள் டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தவ, ஒரு மயிலோட கழுத்துக்கு என்ன நீலம் வைக்கிறதுங்கிறதுக்காக மொதலாளிகிட்டச் சண்டை போட்டு வேலையை விட்டு வந்தவ. இனிமே எவன் கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன், வீட்டுலயே கம்ப்யூட்டர் வச்சு லேபிள் போட்டுக் குடுக்கேன்னு சொன்னேன். "நீ சொன்னா சரிதான்"னாக எங்க வீட்டுக்காரக. அவுக எப்பவும் அப்படித்தான். எனக்கு வாய், அவுகளுக்குச் சிரிப்பு.

அவுகளுக்கு ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில போர்மேன் வேலை. எங்க வீடு சிவகாசியில இருந்து ஆனைக்குட்டம் போற ரோட்டுல. காலையில அஞ்சரைக்குக் கம்பெனி வேன் வந்து ஆரன் அடிக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள வெடிமருந்து கலந்து முடிச்சிரணும், அதுதான் அங்க சட்டம். கலவை ரூம் வாசல்ல ஒரு தாமிரத் தகடு அடிச்சிருக்கும். உள்ள போறவங்க அதைத் தொட்டுட்டுத்தான் போகணும், ஒடம்புல இருக்கிற கரண்டு அதுல எறங்கிரும்பாங்க. தரையில நனைச்ச சாக்கு கெடக்கும், அதை மிதிச்சுட்டுத்தான் உள்ள போகணும். போர்மேன் வேலைன்னா இதெல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு பாக்கிறது. அதை விட முக்கியமா, மருந்துத் தட்டுல கையை வச்சுப் பாத்து, சூடு தட்டுதுன்னா வேலையை நிறுத்தச் சொல்றது. தெர்மாமீட்டர் எல்லாம் கெடையாது. கைதான்.

கம்ப்யூட்டர் வந்து எறங்குன அன்னைக்குத்தான் ஆக்ஸிடென்ட் நடந்துச்சு.

பதினொரு மணி தாண்டியிருக்கும். ஆட்டோவுல பெட்டியெல்லாம் கொண்டாந்துட்டாங்க. அதை வைக்கிறதுக்குன்னு முன் ரூமை ஒழிச்சு, மேசை போட்டு, பூட்டி வச்சிருந்தோம். சாவியைக் காணோம். தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, அவுக சட்டைப் பையிலயே போட்டுக்கிட்டு வேன் ஏறிட்டாக. கொண்டாந்தவங்க மொணமொணங்கிறாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், கம்பெனி ஆபீசுக்குப் போனைப் போட்டேன். போர்மேனைக் கூப்பிடுங்கன்னேன். அவுக வந்து போனை எடுத்ததும் பிடிபிடின்னு பிடிச்சேன். "வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்"னாக. "உங்களுக்கு எப்பத்தான் வேலை இல்ல"ன்னு இன்னும் கத்துனேன். சாவியில ஆரம்பிச்சு, போன தீபாவளிக்கு அவுக அக்கா வீட்டுல எனக்கு நடந்த மரியாதை வரைக்கும் போயிட்டேன். அப்பத்தான் போன்ல ஒரு சத்தம். சத்தம்னு கூடச் சொல்ல முடியாது, காதுக்குள்ள கதவை அடைச்ச மாதிரி. லைன் செத்துப்போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு எங்க வீட்டுச் சன்னலு லேசா ஆடுச்சு. செவுத்துக் கடியாரத்துல மணி பதினொன்னு நாப்பது.

நாலு பேரு. ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு ஆம்பளைங்க. அவுக நிக்க வேண்டிய எடம் அது. அவுக எழுபது காலடிக்கு அங்கிட்டு, ஆபீஸ் ரூம்ல, போன்ல என்கிட்ட வசவு வாங்கிக்கிட்டு நின்னுருக்காக. காதுல கொஞ்சம் ரத்தம் வந்ததோட சரி.

ஊரே வந்து என்கிட்டச் சொல்லுச்சு. "ஏத்தா, ஒன் வாய்தான்த்தா ஒன் தாலியைக் காப்பாத்துச்சு." செத்த நாலு பேரோட துட்டி வீடுகளுக்குப் போயிட்டு வந்தவங்களும் சொன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. பொய் சொல்லல, பெருமைதான். என் கோவம் ஒரு உசுரைக் காப்பாத்தியிருக்கு, இனிமே எவளும் என்னைய வாயாடின்னு சொல்லட்டும் பாப்போம்னு.

விசாரணை, ஸ்டேசன்னு ஒரு வருசம் அலைஞ்சாக. கேஸ் ஒன்னும் நிக்கல. கம்பெனியும் தொறக்கல. ஆனா அவுக வீட்டுக்கு வரவே இல்ல. ஆளு இருந்தாக, நார்க்கட்டில்ல. சாப்பாடு வச்சாச் சாப்பிடுவாக. கேட்டதுக்கு உம், இல்லன்னு சொல்லுவாக. நான் என்ன கத்துனாலும் சிரிக்கிறது இல்ல, திருப்பிக் கத்துறதும் இல்ல. செவுத்துகிட்டப் பேசுற மாதிரிதான். எனக்கு அந்தப் பழைய மனுசன் திரும்பி வேணும். வேற எதுவுமே வேண்டாம். ஒரு தடவை ஒத்தச் சிரிப்பு சிரிச்சாப் போதும்னு கெடந்தேன்.

ஒரு நாள் ஒரு லேபிள் ஆர்டர் வந்துச்சு, புதுசா ஏரோப்பிளேன்னு ஒரு வெடி. கம்ப்யூட்டர் மாட்டிக் குடுத்த ஆளு அதுல நாலஞ்சு கேமும் ஏத்திக் குடுத்திருந்தாரு, அதுல ஒன்னு விமானம் ஓட்டுறது. பிளேன் படத்தைப் பாத்து வரையலாம்னு அதைத் தொறந்தேன். ரன்வேயில ஒரு சின்ன விமானம் நிக்குது, முன்னாடி விசிறி சுத்துது. பின்னாடி காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புறேன், அவுக நிக்காக. கட்டில்ல இருந்து தானா எந்திரிச்சு வந்திருக்காக.

"இதுல நம்ம ஊரு வருமா?"

எனக்கு அழுகையே வந்துருச்சு. "வரும், உக்காருங்க"ன்னேன். தேடிப் பாத்தா மதுரை ஏர்போர்ட் இருந்துச்சு. ரெண்டு நாள்ல அவுக ஓட்டப் படிச்சிட்டாக. பட்டாசுக்காரக கை, நடுங்காது. மதுரையில ஏறுனா தெக்கும் மேக்குமா வரணும். தடங்கல் இல்லாம ஓடுனா ஏழாயிரம்பண்ணைக்கு இருபத்தஞ்சு நிமிசம், அரை மணி நேரம் ஆகும்.

ஆனா எங்க ஊரு அதுல இல்ல. பழுப்பு நெலம், அங்கங்க ஒரு பச்சைத் திட்டு, அம்புட்டுதான். ஒரு கோடு, அது ரோடாம். ஒரு வீடு கெடையாது, ஒரு மனுசன் கெடையாது, ஒரு ஆடு கெடையாது. விமானத்தோட நெழல் மட்டும் தரையில ஓடும். அவுக அதைப் பாத்துக்கிட்டே, "இடது பக்கம் காரியாபட்டி... இந்தா விருதுநகரு... இது ஆனைக்குட்டம் டேம்"னு சொல்லிக்கிட்டு வருவாக. அங்கன ஒன்னுமே இருக்காது. வெறும் மண்ணு. பகல் வெளிச்சத்துல, எல்லாச் சனமும் எந்திரிச்சுப் போனதுக்கு அப்புறம் கெடக்கிற பூமி மாதிரி இருக்கும். ஆனைக்குட்டம்னு அவுக சொல்லும்போது எனக்கு முதுகு சில்லுங்கும். எங்க வீடு அங்கனதான் இருக்கு, நான் அதுக்குள்ளதான் நிக்கேன்.

தெனமும் பதினொன்னு பத்துக்கு உக்காருவாக. ஒரு நிமிசம் முன்னாடியும் கெடையாது, பின்னாடியும் கெடையாது. செவுத்துக் கடியாரத்தைப் பாத்துக்கிட்டே மௌசுல கை வச்சுக் காத்திருப்பாக. அந்தக் கம்ப்யூட்டருக்கு அம்புட்டுச் சக்தி இல்ல. படம் விக்கி விக்கித்தான் நகரும், விமானம் நின்னு நின்னு போகும், ஆனைக்குட்டம் தாண்டுறதுக்குள்ளயே மணி பதினொன்னு நாப்பது ஆயிரும். அப்படியே எந்திரிச்சுப் போயிருவாக. ஒரு வாரம் பாத்துட்டு நான் கேட்டேன், "கொஞ்சம் முந்தியே கெளம்புனா என்ன, கொள்ளையா போயிரும்?"

"இல்ல. பதினொன்னு பத்துதான்." அப்புறம் என் மூஞ்சியைப் பாத்து, மெதுவா, "இதை வேகமாக்க முடியுமா புள்ள?"

புள்ளன்னு கூப்பிட்டாக. ஒன்னரை வருசத்துக்கு அப்புறம். நான் வேகமாக்காம விடுவேனா?

பிரவுசிங் சென்டருக்குப் போய் உக்காந்தேன். எவனெவனோ இங்கிலீசுல எழுதி வச்சிருந்ததை எல்லாம் படிச்சு, பிரிண்ட் எடுத்து, பேனாவால கோடு போட்டேன். கம்ப்யூட்டர் முழிக்கும்போது டெலீட் பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்தா ஒரு நீலத் திரை வரும். அதுல நூத்தி முப்பத்தி மூனுன்னு ஒரு நம்பர் இருக்கும், அதுதான் மெசினோட நாடித் துடிப்புன்னு வச்சுக்கங்க. அதை ஏத்துனா எல்லாமே வேகமா ஓடும், கூடவே சூடும் ஏறும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். சூடு தாங்கலைன்னா மெசின் நின்னு போகும், இல்ல, கணக்குத் தப்பும். கணக்குத் தப்புனா திரையில இல்லாதது எல்லாம் தெரியும்னு அதுலயே எழுதியிருந்துச்சு. நான் அதைப் படிச்சேன், கோடும் போட்டேன். ஆனா மனசுல வாங்கல.

முதல்ல பெட்டியைத் தொறந்து விசிறியைச் சுத்தம் பண்ணனும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "நில்லு"ன்னு அவுக அடுப்படியில இருந்து ஒரு செம்புப் பானை மூடியைக் கொண்டாந்து தரையில வச்சாக. "தொட்டுட்டுத் தொற புள்ள." அந்தப் பிரிண்ட்லயும் அதேதான் போட்டிருந்தான், ஒடம்புல இருக்கிற கரண்டு சிப்பைத் தின்னுரும், முதல்ல எதையாச்சும் உலோகத்தைத் தொடுன்னு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. தொட்டேன்.

உள்ள விசிறி மேல தூசி. வெரல்ல தொட்டா வெள்ளி. மத்தாப்பு மருந்துல போடுற அலுமினியப் பொடி மாதிரி மினுமினுன்னு ஒட்டிக்கிச்சு. எங்க ஊர்ல எல்லார் வீட்டுலயும் அது இருக்கத்தான் செய்யும், காத்துல வரும், துணியில வரும். ஆனா அந்தக் கம்ப்யூட்டர் வந்த நாள்ல இருந்து எங்க வீட்டுல யாரும் கம்பெனிக்குப் போகல. அவுக என் வெரலைப் பாத்தாக. சட்டை நுனியால அதைத் தொடைச்சு விட்டாக. அடுத்த வாரம் தொறந்தப்பவும் அதே வெள்ளி இருந்துச்சு.

நூத்தி நாப்பதுக்கு ஏத்துனேன். நாப்பத்தி நாலு. அப்புறம் நாப்பத்தி எட்டு. படம் வழுக்கிக்கிட்டுப் போச்சு. அவுக மூஞ்சியில வெளிச்சம். "அடேயப்பா, பாரேன்"னு என் கையைப் பிடிச்சாக. அன்னைக்கு நான் ரெண்டு ஆம்லெட் கூடப் போட்டேன். ஆள் வந்துட்டாக, அவ்வளவுதான், இனி எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்.

நாலாவது நாளு. நான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனைக்குட்டம் தாண்டிருச்சு. மணி பதினொன்னு முப்பத்தேழு. எதுக்க, ஏழாயிரம்பண்ணை இருக்க வேண்டிய எடத்துல, தரையில இருந்து ஒன்னு எந்திரிச்சு நிக்கி. கருப்பா, கூரா, தரையில இருந்து வானம் வரைக்கும். ஆடல, அசையல.

"தெரியுதா?"ன்னாக. மூச்சு மாதிரித்தான் கேட்டுச்சு.

நான் அவுக நாக்காலியைப் பிடிச்சுக்கிட்டேன். "என்னது அது?"

"வந்துருச்சு. நான் போறதுக்கு முந்தி வந்துருச்சு." அதைச் சொல்லும்போதே படம் அப்படியே நின்னுபோச்சு. பொத்தான் எதை அமுக்குனாலும் அசையல. என்ஜின் சத்தம் மட்டும் ஒரே எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஈஈஈன்னு எறைஞ்சுச்சு. நான் ஸ்விட்சைப் பிடுங்கிப் போட்டேன்.

கம்ப்யூட்டர் மாட்டுன ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவரு சிரிச்சாரு. "சூடும்மா. இருபத்தஞ்சு நிமிசம் முழு வேகத்துல ஓடுனா அது என்ன பண்ணும்? கணக்குத் தப்பித் தரையை இழுத்து வானத்துல சொருகியிருக்கும். எறக்கி வைங்க." புத்திக்குச் சரியாத்தான் பட்டுச்சு. தெனமும் அதே நேரத்துக்குக் கெளம்புனா, அதே நேரத்துக்குத்தான் சூடாகும், அதே எடத்துலதான் தப்பும். நான் இன்னொன்னும் பண்ணேன். அவுக இல்லாதப்ப, தூத்துக்குடியில இருந்து கெளம்பி வந்து பாத்தேன். அங்க இருந்து வந்தாலும் அந்தக் கருப்பு அங்கனதான் நின்னுச்சு. அப்புறம் யோசிச்சா, தூத்துக்குடியில இருந்தும் ஏறக்குறைய அதே தூரம்தான். அதனால அது ஒன்னையும் நிரூபிக்கல. ஆனா அந்த மத்தியானம் என்னால அந்த ரூம்ல உக்கார முடியல, வெளிய வந்து ரோட்டுல போற பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

நம்பரைப் பழையபடி நூத்தி முப்பத்தி மூனுக்கு எறக்கிட்டேன். கருப்பு போயிருச்சு. ஆளும் போயிட்டாக. திரும்பக் கட்டில். மூனு நாள் சோத்தைத் தொடல. நான் கத்துனேன், அழுதேன், தட்டைத் தூக்கி எறிஞ்சேன். கடைசியில நாலாம் நாள் காலையில போய் நானே நம்பரை ஏத்துனேன், நூத்தி அம்பதுக்கு. நான் பண்ணது தப்புதான். அந்தக் கருப்பைப் பாத்துக்கிட்டாவது என் புருசன் எந்திரிச்சு உக்காரட்டும்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் அவுக கேட்டதெல்லாம் ஒன்னுதான். "இன்னும் கொஞ்சம் ஏத்து. இன்னும் ரெண்டு நிமிசம் முந்துனாப் போதும்." அது எந்திரிக்கிறதுக்கு முந்தி அங்க போயிரணுமாம். நூத்தி அம்பத்தி ரெண்டு. அம்பத்தி நாலு. எம்புட்டு ஏத்துனாலும் அது முந்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. சூடு கூடுனா அது இன்னும் சீக்கிரம் வரும்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரல, எனக்கே! அவுக ஓட்டும்போது இடது கையைப் பெட்டி மேல வச்சுக்கிட்டே ஓட்டுவாக, தட்டுல மருந்தைத் தொட்டுப் பாக்கிற மாதிரி. "இன்னும் தாங்கும்"பாக. சில நாள் திரையைப் பாத்து மெதுவாப் பேசுவாக. "நிறுத்துங்கத்தா. போதும், எந்திரிங்க." யாருகிட்டன்னு நான் கேக்கல. அங்கன பொம்பளைங்க ரெண்டு பேரு உக்காந்து வேலை பாத்தாங்கன்னு எனக்குத் தெரியும்.

சித்திரை வெயில் வந்துச்சு. ஒரு நாள் பாக்கேன், கம்ப்யூட்டர் பெட்டி மேல நனைச்ச சாக்கு கெடக்கு! தண்ணி சொட்டுது. கம்பெனியில சூடுன்னா சாக்கை நனைச்சுப் போடுன்னு பழகுன கை, இங்கயும் அதையே செஞ்சிருக்கு. "கரண்டு ஓடுற பெட்டி மேல ஈரச் சாக்கைப் போடுவாகளா யாராச்சும்? சாகுறதுக்கா?"ன்னு கத்தி, அதைத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன். "சரி, போடல"ன்னாக. நம்பிட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம். நான் அடுப்படியில கொழம்புக்குத் தாளிச்சுக்கிட்டு இருந்தேன். கடுகு வெடிக்கும்போது அடுப்பு புஸ்ஸுன்னு அணைஞ்சுபோச்சு. சிலிண்டர் காலி. புதுசு வாசல்ல நிக்கி, என்னால தூக்க முடியாது. முன் ரூம்ல இருந்து விமானச் சத்தம் கேக்குது. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "ஏங்க! சிலிண்டர் தீந்துபோச்சு, வாங்க!" விமானச் சத்தம் நிக்கல. "அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழுங்க! இங்க ஒருத்தி அடுப்படியில சாகுறா, அது கண்ணுக்குத் தெரியாது! வாரீகளா, நான் வந்து அதைப் போட்டு ஒடைக்கவா?" மூனு வீட்டுக்குக் கேட்டிருக்கும். நாக்காலி நகர்ற சத்தம். அவுக வந்து அடுப்படி வாசல்ல நின்னாக. மூஞ்சியில வேர்வை. "இன்னைக்குப் போயிருப்பேன் புள்ள"ன்னாக. "இன்னைக்கு அது இன்னும் வரல."

வெடிச்சுச்சு.

பெரிய சத்தம்னு சொல்ல முடியாது. ஒரு ஒத்த வெடி அளவுதான். ஆனா அடுத்த நொடி நான் தரையில கெடக்கேன், அவுக என் மேல கெடக்காக, என் தலையைத் தன் நெஞ்சுக்குள்ள வச்சு அமுக்கிக்கிட்டு. என்னால மூச்சு விட முடியல. அவுக எண்ணிக்கிட்டு இருந்தாக. ஒன்னு, ரெண்டு, மூனுன்னு. அடுத்த ரூம் எப்ப வெடிக்கும்னு எண்ணுறாகன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. இருபது வரைக்கும் எண்ணுனாக. ஒன்னும் வெடிக்கல. வெளிய சின்னப் புள்ளைங்க வெளையாடுற சத்தம் கேட்டுச்சு.

எந்திரிச்சுப் போய்ப் பாத்தோம். முன் ரூம்ல வெள்ளைப் புகை. பெட்டி மேல ஈரச் சாக்கு. தண்ணி வழிஞ்சு, பின்னாடி ஓட்டை வழியா, உள்ள கரண்டு குடுக்கிற டப்பாவுக்குள்ள எறங்கிருக்கு. பின்னாடித் தகடு கருகிப்போய்க் கெடந்துச்சு. சாயங்காலம் வந்த எலக்ட்ரீசியன் பிளக்கைக் கழத்திப் பாத்துட்டு, எர்த் வயரே குடுக்கலையேம்மா, அந்த நேரம் யாராச்சும் பெட்டியில கை வச்சிருந்தா அம்புட்டுதான்னாரு. அவுக கை அது வரைக்கும் அதுலதான் இருந்துச்சு. ஈரச் சாக்கு மேல, இடது கை.

ஆனா எலக்ட்ரீசியன் வர்றதுக்கு முந்தியே எல்லாம் முடிஞ்சுபோச்சு. புகை அடங்குனதும் அவுக அந்த ரூம் தரையில உக்காந்தாக. எனக்குக் கை கால் ஓடல, ஆனா வாய் ஓடுச்சு. பாத்தீகளா, அன்னைக்கும் நான் கூப்பிட்டுத்தான் தப்பிச்சீக, இன்னைக்கும் நான் கூப்பிட்டுத்தான் தப்பிச்சீக, இந்த வாயை மட்டும் நீங்க குத்தம் சொல்லக் கூடாதுன்னு அழுதுக்கிட்டே சொன்னேன். ஊரு சொன்னதைத்தான் சொன்னேன்.

அவுக என்னையப் பாத்தாக.

"அன்னைக்குப் பதினொன்னு பத்துக்குத் தட்டுல கை வச்சேன்"னாக. "லேசாச் சூடு இருந்துச்சு. சீசன் லோடு, இந்தத் தட்டு மட்டும் முடியட்டும்னு விட்டேன். அப்புறம் ஒரு சுத்து போயிட்டு வந்து தொட்டா, நல்லாவே சுட்டுச்சு. நிறுத்துங்கன்னு சொல்ல வாயைத் தொறக்கேன், ஆபீஸ்ல இருந்து ஓடியாந்தாக, வீட்டுல இருந்து போன், என்னமோ அவசரமாம்னு. உனக்கு என்னமோ ஏதோன்னு ஓடுனேன். பேசிட்டு வந்து சொல்லிருவோம்னு."

அதுக்கு மேல அவுக சொல்லல. சொல்லவும் வேண்டாம். சாவி. அக்கா வீட்டு மரியாதை. "வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்." "உங்களுக்கு எப்பத்தான் வேலை இல்ல." எம்புட்டு நேரம் பேசியிருப்பேன்? மூனு நிமிசம் இருக்கும், நாலு நிமிசம் இருக்கும். ரெண்டு வருசமா அந்த நாலு நிமிசத்தை நான் என் பெருமையா வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். அந்த நாலு வீட்டுக்கும் போய், அந்தப் புள்ளைங்க தலையைத் தடவி, எங்களுக்குக் கடவுள் கண்ணைத் தொறந்தான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

"ஏன் சொல்லல? ரெண்டு வருசம், ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"பேச ஆரம்பிச்சா இது வந்துரும்னுதான்." அவுக குனிஞ்சு தரையில கெடந்த தண்ணியை உள்ளங்கையால ஒதுக்கிக்கிட்டே சொன்னாக. "தப்பு என் மேலதான். பதினொன்னு பத்துக்கே நிறுத்தியிருக்கணும். உன் மேல இல்ல."

இல்லைன்னு சொன்னாக. நானும் தலையாட்டுனேன். ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம், மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆகுற வரைக்கும். கொழம்பு பாதியில கெடந்துச்சு.

அதுக்கப்புறம் அவுக பேசுனாக. விருதுநகர்ல ஒரு பேப்பர் குடோன்ல வேலைக்குச் சேந்தாக. சிரிப்பும் வந்துச்சு, பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. கம்ப்யூட்டருக்குப் புதுசா சாமான் மாட்டி, நம்பரை அதோட பழைய எடத்துலயே விட்டுட்டேன். நாங்க வாழ்ந்துக்கிட்டுத்தான் இருக்கோம். கம்ப்யூட்டர் மாட்டுன ஆளு குடுத்த அந்த விமான கேம் சிடி பீரோவுல இன்னும் கெடக்கு. இப்ப ஓட்டிப் பாத்தா அந்தக் கருப்பு இருக்குமா, இருக்காதான்னு எனக்குத் தெரியாது. பாக்க எனக்குத் தைரியம் இல்ல.

ஒன்னே ஒன்னுதான் மாறிப்போச்சு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் நான் அவுகளை ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குக் கூப்பிட்டதே இல்ல. சோறு ஆறுனாலும் சரி, வாசல்ல ஆள் வந்து நின்னாலும் சரி, நானே எந்திரிச்சு அவுக இருக்கிற எடத்துக்குப் போவேன். செஞ்சுக்கிட்டு இருக்கிற வேலையை அவுக முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிப்பேன். முடிச்சுட்டு நிமிந்து என்னையப் பாத்ததுக்கு அப்புறம்தான் வாயைத் தொறப்பேன்.